ரோஜா இதழுக்குச் சாயம் ஏற்றினால் திட்டுத்திட்டாக வருகிறது, உதவி!

மொட்டுமல்லி:
கம்பளித் துணியைக் கீற்றாக வெட்டி, கொக்கி ஊசியால் அடித்துணியில் இழுத்துப் போடும் விரிப்பில் பெரிய ரோஜா ஒன்று போடுகிறேன். இதழுக்கு வெளிர் ரோஜாவிலிருந்து கருஞ்சிவப்பு வரை ஆறு சாயல் வேண்டும். அடர்ந்த மூன்றும் நன்றாக வந்தன. வெளிர் மூன்றும் திட்டுத்திட்டாக, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளையாக நிற்கின்றன. இரண்டு தடவை செய்தும் அதே கதை. சீக்கிரம் சொல்லுங்கள்.

நூல்கண்டு:
என்ன சாயம்? துணியை ஊறவைத்தீர்களா? வினிகர் எப்போது ஊற்றினீர்கள்?

ஊசிமுனை:
துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கும். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

நூல்கண்டு:
ஒரே துணிதானே? அடர்ந்த மூன்றும் மட்டும் எப்படி நன்றாக வந்தன?

பழையசாயம்:
இங்கே பலமுறை சொன்னதுதான். தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் சாயப்பானையைத் தொடாமல் இருக்கலாம். சூடும் அமிலமும் சேர்ந்ததும் கம்பளி சாயத்தை இழுத்துக்கொள்ளும். வெளிர் சாயலுக்குப் போடுவதே துளி சாயம். முதலில் நனைந்த இடமே அத்தனையையும் குடித்துவிட்டால் மடிப்புக்கு என்ன மிஞ்சும்?

நூல்கண்டு:
கோபம் வேண்டாமே. மொட்டுமல்லி, சோப்புத் துளி விட்ட வெதுவெதுப்பான நீரில் துணியை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். சாயநீரும் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும், வினிகர் வேண்டாம். மெதுவாகப் புரட்டிக்கொண்டே சூடேற்றுங்கள். நிறம் எங்கும் பரவிய பிறகு, துணியை ஒதுக்கிவிட்டு வினிகர் ஊற்றுங்கள். 85-90 டிகிரியில் அரை மணி நேரம், கொதிக்க விடாதீர்கள். தண்ணீர் தெளிந்தால் சாயம் ஏறிவிட்டது. அப்புறம் பானையிலேயே ஆறட்டும். சட்டென்று பச்சைத்தண்ணீரில் போட்டால் துணி சுருங்கித் தடித்துவிடும்.

தும்பைப்பூ:
திட்டு இருந்தால் என்ன? ரோஜா இதழ் ஒரே சீராகவா இருக்கிறது? கீற்றாக வெட்டி இழுத்துப் பாருங்கள், இதழுக்கு உயிரே அந்தத் திட்டுதான்.

பழையசாயம்:
கீற்றின் அகலத்துக்கு எண் உண்டு. மூன்றாம் எண் கீற்று இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் இதழின் மடிப்பைக் காட்டுவது சாயல் வரிசைதான். வரிசை குழம்பினால் பூ ஒரே அப்பிய நிறமாகிவிடும்.

தும்பைப்பூ:
எட்டாம் எண் கீற்று கால் அங்குலம். அதில் ஓர் இதழுக்குள் ஆறு சாயல் வைக்க இடமேது? அங்கே திட்டுத்துணிதான் கைகொடுக்கும்.

நூல்கண்டு:
எந்த அகலம் என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை.

மொட்டுமல்லி:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். மூன்றாம் எண் கீற்று. சாயம், அமிலம் சேர்த்தால் கம்பளியில் ஏறும் ஆசிட் சாயம். காய்ந்த துணியை வினிகர் கலந்த சுடுநீரில் அப்படியே போட்டிருந்தேன். நேற்று ஊறவைத்து, வினிகரைப் பிறகு ஊற்றினேன். இரண்டு சாயல் சீராக வந்துவிட்டன, மூன்றாவது பானையில் ஆறுகிறது. திட்டுத்துணியில் ஒரு மொட்டு போட்டுப் பார்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.