பயோசென்சர்: ‘உயிர் உணரி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நொதி (என்சைம்) போன்ற உயிரியல் பொருளைக்கொண்டு இன்னொரு பொருளைக் கண்டறியும் கருவிதான் பயோசென்சர். அதற்குத் தமிழில் ‘உயிர் உணரி’ என்றே வைத்துக்கொள்ளலாம், ஏற்கெனவே புழங்கும் சொல்தானே என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு தடங்கல் இருக்கிறது. வெப்ப உணரி வெப்பத்தை உணர்கிறது. புகை உணரி புகையை உணர்கிறது. ‘உணரி’க்கு முன்னால் ஒரு பெயர் வந்தால், அதுதான் உணரப்படும் பொருள் என்று நம் காது எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் உயிர் உணரி என்பது, இடிபாடுகளுக்குள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடும் கருவியாகிவிடும்.

முன்னால் வரும் பெயர் வேலை நடக்கும் வழியையும் குறிக்கலாமே, மின்விசிறி மின்சாரத்தையா விசிறுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் மின்சாரத்தை விசிறும் கருவி என்று ஒன்று கிடையாது, அதனால் அங்கே குழப்பமும் இல்லை. இங்கே அப்படி இல்லை. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் உணரிகள் உண்மையிலேயே இருக்கின்றன.

நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை, நீரில் ஃபீனால் என்ற நச்சு வேதிப்பொருளைக் கண்டறியும் உணரிகளைப் பற்றி. அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே சொல் பிடிபடும் என்று நினைக்கிறேன். வாழைப்பூவை ஆய்ந்ததும் மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோம், இல்லாவிட்டால் கறுத்துவிடும். பூவில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனைக்கொண்டு ஒரு நொதி குயினோன் என்ற சேர்மமாக மாற்றுவதால் வரும் கறுப்பு அது. மோரின் புளிப்பு அந்த நொதியை மட்டுப்படுத்துகிறது.

அதற்கு உறவான டைரோசினேஸ் என்ற நொதியைக் காளானிலிருந்து பிரித்தெடுத்து, கார்பன் மின்முனையின் (எலக்ட்ரோடு) மேல் மெல்லிய படலமாகப் பொதித்துவைக்கிறார்கள். நீரில் ஃபீனால் இருந்தால் நொதி அதைக் கேட்டக்கால் என்ற இன்னொரு சேர்மமாக்கி, பிறகு குயினோனாக்கும். மின்முனை எலக்ட்ரான் கொடுத்துக் குயினோனைத் திரும்பக் கேட்டக்காலாக்கும். நொதி மறுபடி அதைக் குயினோனாக்கும். இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருப்பதால், துளியூண்டு ஃபீனாலும் அளக்கக்கூடிய மின்னோட்டத்தைத் தருகிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலையில் ஃபீனால் வகைச் சேர்மங்களுக்கு ஏற்கத்தக்க அளவே லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான் என்பதால், இந்தப் பெருக்கம் ரொம்ப முக்கியம்.

ஆக, நொதி இங்கே உணரப்படும் பொருள் அல்ல, உணர்வதற்கான வழி. எனவே பயோசென்சருக்கு ‘உயிர்வழி உணரி’ என்றும், நொதி வைத்துச் செய்தவற்றுக்கு ‘நொதிவழி உணரி’ என்றும் முன்வைக்கிறேன். உணரப்படும் பொருளுக்கும் அதில் இடம் இருக்கிறது: ‘நொதிவழி ஃபீனால் உணரி’. எந்த நொதி என்று சொல்லவேண்டிய இடங்களும் வரும். ஹைட்ரோகுயினோன் என்ற ஃபீனால் வகைச் சேர்மத்தை லாக்கேஸ் என்ற வேறொரு நொதி நன்றாகவே பிடிக்கும், டைரோசினேஸ் அவ்வளவாகப் பிடிக்காது. அங்கே ‘லாக்கேஸ்வழி உணரி’ என்று எழுதிவிடலாம். இலங்கைப் பாடநூல்களில் நொதியம் என்று இருக்கிறது, அவர்கள் ‘நொதியவழி’ என்று எழுதினாலும் கட்டு குலையாது.

அப்புறம், நொதி பூசிய மின்முனைக்கு ‘நொதிமுனை’ என்றே சுருக்கமாகச் சொல்லலாமே? 1985இல் வாழைப்பழச் சதையையே மின்முனையில் வைத்து டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை அளந்தவர்கள், எலக்ட்ரோடின் வாலை ஒட்டி அதற்கு ‘பனானாட்ரோடு’ என்று பெயர் வைத்தார்கள். நமக்கு ‘வாழைமுனை’ என்பது அதைவிட இயல்பாகவே விழுகிறது.

ஃபீனாலிக் என்பதற்கு ‘ஃபீனாலின’ என்று வந்த பரிந்துரையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாசிக்கும்போது ‘ஃபீனாலின்’ என்று வேறொரு சேர்மத்தின் பெயர்போல் கேட்கிறது. கட்டுரையில் இப்போதைக்கு ‘ஃபீனால் வகைச் சேர்மங்கள்’ என்றுதான் போட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக, காதுக்கு இடறாத சொல் தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.