செப்புக் காசின் பச்சைத் தூளுக்கு ஒரு சொல்: ‘களிம்பரிப்பு’

அண்ணை, வணக்கம்.

ஆங்கிலத்தில் bronze disease எனப்படும், காசைத் தின்னும் பச்சைத் தூளை அப்படியே ‘வெண்கல நோய்’ என்று பெயர்க்க வேண்டாம். வன்னிக் காசுப் பட்டியலில் நாம் பதிவது பிரித்தானியர் காலத்துச் சிறு காசுகளான அரைப் பார்த்திங் (half farthing), காற்பார்த்திங், 1870 பொறித்த அரைச் சதம் போன்றவை. எல்லாம் செம்பு. செம்புக்குக் களிம்பு என்று சைவ சித்தாந்தமே சொல் தந்திருக்கிறது. ஆனால் வெறும் ‘களிம்பு’ என்றால் கேடில்லாத படலமும் அதில் அடங்கிவிடும். ஆகவே, செம்பைத் தின்னும் வகைக்குக் ‘களிம்பரிப்பு’ என்று வைப்போம்.

இரண்டையும் பிரிப்பது சுலபம். படலம் கரும்பச்சை அல்லது பழுப்பு. நகத்தால் சுரண்டினாலும் வராது. களிம்பரிப்பு வெளிர்பச்சைத் தூள். ஈர்க்கு நுனி பட்டாலே உதிரும், அடியில் குழி தெரியும். செம்புக் குளோரைட்டு ஈரமும் ஒட்சிசனும் பட்டு அமிலம் விடுகிறது, அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்கிறது. முல்லைத்தீவுக் கரையின் உப்புக்காற்றும் மாரி ஈரமும் இதற்குத் தோது. ஐயமென்றால் ஈரப் பஞ்சோடு மூடிய போத்தலில் ஒரு நாள் வையுங்கள். புதுத்தூள் பூத்தால் அரிப்பு உயிரோடு இருக்கிறது.

புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதுதான் பெருங்கேடு. படலம் போய்விடும், குழிக்குள் குளோரைட்டு இன்னும் கூடும். அரைப் பார்த்திங்கும் அரைச் சதமும் ஏறத்தாழ ஒரே அளவு, 18 மி.மீ., 2.4 கிராம். பின்பக்கத்தில், விக்டோரியா காலத்து அரைப் பார்த்திங்கில் மணிமுடி, அரைச் சதத்தில் மரம். அந்தப் பக்கம் அரித்துப்போனால் எடை பார்த்தும் பிரிக்க முடியாது.

*

தம்பி,

‘களிம்பரிப்பு’ நல்ல சொல். மண்ணரிப்பு, கடலரிப்பு என்று புழங்குகிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

பரிகாரத்தையும் சேர்த்துப் பதியுங்கள். குளோரைட்டைக் கரைத்தெடுக்க, ஒரு லீற்றர் வடித்த நீரில் 50 கிராம் சோடியம் செஸ்குவிகாபனேற்று என்ற கார உப்பு. காசை அமிழ்த்தி வாரந்தோறும் கரைசலை மாற்ற வேண்டும். பல வாரம் எடுக்கும். குளோரைட்டு வருவது நின்றதா என்று வெள்ளி நைத்திரேற்றால் பார்க்குமுன் (குளோரைட்டு இருந்தால் கலங்கும்), கரைசலிலிருந்து எடுத்த மாதிரியில் நைத்திரிக் அமிலம் விட்டு அமிலமாக்குங்கள். இல்லாவிட்டால் காபனேற்றே கலங்கலாகி ஏமாற்றிவிடும். பிறகு வடித்த நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடுங்கள். பிவிசி உறை கூடாது, அதுவே ஐதரோகுளோரிக் அமிலம் விடும்.

கேடில்லாததை நீங்கள் வெறும் ‘படலம்’ என்று விட்டது போதாது. அது செம்பைக் காக்கிறது, தேய்த்து நீக்கக்கூடாதது. ‘காப்புப்படலம்’ என்று எழுதினால் பட்டியலைப் பார்ப்பவர் புளியைத் தேடமாட்டார்.