பழைய சான்ட்ரோ: ஆயில் ஒழுகுது, டைமிங் பெல்ட்டும் மாற்றணும், நல்ல மெக்கானிக் யாராவது?

வணக்கம் மக்களே. திருவொற்றியூரில் இருக்கிறேன், வண்டி 2006 ஹூண்டாய் சான்ட்ரோ கார், பெட்ரோல். காலையில் பார்த்தால் அடியில் ஆயில் சொட்டிக் கிடக்கிறது. டேப்பட் கவர் (இன்ஜின் மேல்மூடி) ஓரம் முழுக்க எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கிறது, எண்ணூர் ரோட்டு கண்டெய்னர் லாரிப் புழுதியைச் சொல்லவா வேண்டும். அது மட்டும் என்றால் அந்த மூடியின் ரப்பர் பேக்கிங்கை மாற்றிவிட்டுப் போயிருப்பேன், ஆனால் டைமிங் கவரைக் கழற்றினால் கிராங்க் புல்லி பக்கமும் ஈரம், கிராங்கையும் வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து ஓட்டுகிற டைமிங் பெல்ட் ஓரத்திலும் ஆயில் ஏறியிருக்கிறது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்து, இன்ஜின் ஹெட்டைக் கழற்றுகிற வேலை வரைக்கும் இழுத்துவிடும்.

பார்த்த மெக்கானிக் பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். எனக்குச் சரியாகப் படவில்லை, ஆயிலை வெளியே விடாமல் தடுக்கிற சீல் ஒழுகினால் புது பெல்ட்டுக்கும் அதே கதிதானே? கேம் சீல், கிராங்க் சீல், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் எல்லாம் சேர்த்தே மாற்றலாம் என்று நினைக்கிறேன், எப்படியும் பிரிக்கிற கூலி ஒன்றுதான். கடைசியாக எப்போது மாற்றியது என்று பழைய ஓனருக்கே தெரியாது.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் புல்லியில் இருக்கிற மார்க் பார்த்துப் பொறுமையாக டைமிங் பொருத்துகிற ஆள் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், சாமானை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் நானே வாங்கிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்களா, கூலி மட்டும் தோராயமாக எவ்வளவு ஆகும்?