‘ஹைபிரிட் டீ’க்குத் தமிழ்: ‘தனிப்பூ ரோஜா’ சரிவருமா?

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

செடியில் தொங்கவிடும் பெயரட்டைக்காக ‘ஹைபிரிட் டீ’ என்ற ரோஜா வகையைக் ‘கலப்பினத் தேயிலை ரோஜா’ என்று போன மடலில் பெயர்த்திருந்தார்கள். வரலாற்றுக்குப் பொருந்துகிறது. சீனத்து வழிவந்த டீ ரோஜாக்களை ஐரோப்பாவில் இருந்த ‘ஹைபிரிட் பெர்பெச்சுவல்’ ரோஜா ரகங்களோடு கலந்து பிறந்த கூட்டம் இது. பிரான்சின் லியோன் நகரத்து ரோஜா வளர்ப்பாளர் கியோ 1867-இல் வெளியிட்ட ‘லா பிரான்ஸ்’தான் முதல் ரகம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அட்டையைப் படிக்கிறவர்கள், “இதென்ன, தேயிலையோடா ஒட்டுக்கட்டினாங்க?” என்றுதான் கேட்பார்கள்.

நம் பக்கத்து நர்சரியில் ‘ஒட்டு ரோஜா’ என்கிறார்கள். கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டாவும் ஒட்டுக்கட்டித்தான் வருகிறது, அதனால் அந்தப் பேர் எதையும் பிரித்துக் காட்டாது. பன்னீர் ரோஜா, பட்டன் ரோஜா எல்லாம் மூக்குக்கும் கண்ணுக்கும் தெரிவதை வைத்து ஜனங்கள் இட்ட பேர். அந்த வழியில் ‘தனிப்பூ ரோஜா’ என்கிறேன். ஒரு தண்டு, நுனியில் ஒரு பெரிய பூ. புளோரிபண்டாவைக் ‘கொத்துப்பூ ரோஜா’ என்று விடலாம். (ரோஜாவை நீக்கி ‘முளரி’யைக் கொண்டுவர வேண்டாம். அது தாமரைக்கும் பேர்.)

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, எனக்கு இரண்டு தடை. தனிப்பூ என்றால் ஐந்து இதழ் மட்டும் உள்ள ஒற்றை ரோஜா என்று எடுத்துக்கொள்வார்கள். அடுத்தது, இந்த ரகங்களின் அழகே வெளியிதழ் மடங்க, நடு இதழ்கள் சுருண்டு கூராக எழுந்து நிற்பதுதானே? ‘கூர்நடு ரோஜா’ என்றால் என்ன?

காரைக்குடியிலிருந்து:

ஆச்சிக்கு வணக்கம். ‘கூர்நடு’ நல்ல சொல், விடக்கூடாது. ஆனால் கூட்டத்துக்குப் பேராக வைத்தால் நம் ஊர் வெயில் அதைப் பொய்யாக்கிவிடும். மார்கழி, தையில் அந்தக் கூர் நன்றாக நிற்கும். சித்திரையில் அதே செடியில் பூ சிறுத்து, காலையில் அவிழ்ந்தது உச்சிக்குள் பப்பரப்பா என்று விரிந்து, ஓரம் கருகியிருக்கும். தண்டுக்கு ஒரு பூ என்பது அப்போதும் பெரும்பாலும் மாறாது. பக்கமொட்டு வந்தால் மிளகளவு இருக்கும்போதே கிள்ளிவிட்டால் போதும். அதனால் கூட்டத்துக்குத் ‘தனிப்பூ’, பூவின் வடிவைச் சொல்லும் இடத்தில் ‘கூர்நடு’.

ஐந்து இதழ்க் குழப்பத்துக்கு மல்லிகைக்காரர்களிடம் விடை இருக்கிறது. அடுக்குமல்லி என்கிறோமே, அதுபோல இதழ்க்கணக்கை ‘ஓரடுக்கு’, ‘பல்லடுக்கு’ என்று தனியே எழுதலாம்.

மாதிரிக்கு மூன்று அட்டை. ரகப் பேர்களைத் தொடவில்லை, அவை பிறந்த பேர்கள்.

மிஸ்டர் லிங்கன் (1964): தனிப்பூ ரோஜா, பல்லடுக்கு. கருஞ்சிவப்பு. மணம் மிகுதி.

டபுள் டிலைட் (1977): தனிப்பூ ரோஜா, பல்லடுக்கு, கூர்நடு. வெண்ணெய் நிறம், ஓரம் சிவப்பு. வெயில் படப்படச் சிவப்பு உள்ளே ஏறும். மணமுண்டு.

பீஸ்: தனிப்பூ ரோஜா, பல்லடுக்கு. மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு. பிரெஞ்சு ரோஜா வளர்ப்பாளர் மேயான் உருவாக்கி, 1945-இல் அமெரிக்காவில் இந்தப் பேரோடு வந்தது. மணம் லேசு.

எல்லா அட்டையிலும் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: “ஐப்பசி, கார்த்திகை மழையில் கரும்புள்ளி நோய் வரும், நீர் சொட்டாத, காற்றோடும் இடத்தில் வைக்கவும்.” முற்றத்து ஓட்டுக்கூரை விளிம்பின் கீழ் தொட்டியை வைக்கிற வழக்கம் நம் வளவு வீடுகளில் நிறைய. கூரைத் தண்ணீர் நேரே இலையில் விழுகிறது.

அடுத்து, ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து (ஒட்டுக்கட்ட அடியில் வைத்த வேறு ரோஜா) கிளம்புகிற தளிருக்கு ஒரு சொல் வேண்டும். அதை வெட்டாமல் விட்டுவிட்டு, “நர்சரிக்காரன் வேறு ரோஜாவைத் தந்துவிட்டான்” என்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர். ‘கள்ளத்தளிர்’ என்று தொடங்கிவைக்கிறேன். ஆச்சி என்ன சொல்கிறீர்கள்?