மலைவேட்டையில் செயற்கைக்கோள் செய்திக் கருவி: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மேட்டுக்காட்டான் எழுதியது:

கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் பகுதி, நவம்பர், துப்பாக்கி வேட்டைக்கான மூன்றாம் பருவம். தனியாகப் போயிருந்தேன். கைப்பேசி எடுக்காத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி கையில் இருந்தது; வானம் மறையாமல் இருந்தால்தான் அதில் செய்தி போகும், வரும். இனி நேராக அந்த இரவுக்கு வருகிறேன்.

பிற்பகல் 3.50க்கு எல்க் மான் விழுந்தது. 4.20க்கு, "விழுந்துவிட்டது, இறங்க நேரமாகும், கவலைப்படாதே" என்று மனைவிக்கு எழுதி அனுப்பிவிட்டு, கருவியைக் கொக்கியில் மாட்டியிருந்த பையை ஸ்புரூஸ் மரத்தடியில் சாய்த்துவிட்டுக் கத்தியை எடுத்தேன். தோலுரித்து, தொடைகளைப் பிரித்து, மூன்றை இறைச்சிப் பைகளில் கட்டிக் கிளையில் தொங்கவிட்டு, 30 கிலோவுக்குக் குறையாத பின்தொடை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மணி 7 ஆகிவிட்டது. சுமையை இறுக்குவதற்காகப் பையின் மேல்மூடியை மடக்கிக் கட்டியபோது கருவி இறைச்சிக்கும் என் முதுகுக்கும் நடுவே போய் அகப்பட்டுக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. தினமும் மாலை 6 மணிக்கு ஒரு செய்தி அனுப்புவதாக வீட்டில் பேசிவைத்திருந்தோம்.

9.10க்கு ஒரு வெட்டவெளியில் சுமையை இறக்கிக் கருவியை வெளியே எடுத்தேன். சிறிது நேரத்தில் அது கூவத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு செய்திகள். என் கருவியின் திரையில் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் மனைவி எப்போதும் ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதுவாள். முதலாவது "எங்க இருக்கீங்க". மூன்றாவது "மெசேஜ் வரலையே". ஆறாவது "பயமா இருக்கு". ஏழாவது மட்டும் ஒன்றரை வரிக்கு வெறும் கட்டம் கட்டமாக வந்திருந்தது. பதற்றத்தில் தமிழ் விசைப்பலகையிலேயே தட்டிவிட்டாள். என்னுடைய 4.20 செய்தி அந்த நிமிடத்தில்தான் கிளம்பிப் போனது. அது போய்விட்டதே, இனி நிம்மதியாகியிருப்பாள், இந்தக் கட்டங்கள் திட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் சுமையை ஏற்றிக் காட்டுக்குள் நடந்தேன்.

நள்ளிரவில் வண்டி நின்ற இடத்துக்கு வந்தபோது ஷெரிஃப் (உள்ளூர்க் காவல்) அலுவலக வண்டியின் விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. கருவி கடைசியாகக் காட்டிய என் இடத்தை நோக்கி, மறுபக்கப் பாதையில் தன்னார்வலர் இருவர் ஏற்கெனவே மலையேறியிருந்தார்கள்.

மணல்திட்டு எழுதியது:

மேட்டுக்காட்டான் அவர்கள் மரத்தையும் இறைச்சியையும் காரணம் காட்டுவது ஓரளவுக்குத்தான் சரி. 6 மணிக்குச் செய்தி வராவிட்டால் எத்தனை மணிவரை பொறுப்பது, அதன்பிறகு யாரை அழைப்பது என்பதை வீட்டில் முடிவு செய்யாமல் மலையேறியதுதான் முதல் பிழை. வேட்டையில் விலங்கு மாலையில் விழுந்தால் எந்த நேரக்கணக்கும் நிற்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

நான் செய்தது இதைவிட மோசம். அலாஸ்காவில் மூஸ் மான் வேட்டை; சிறு விமானம் எங்கள் இருவரையும் ஓர் ஆற்று மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போயிற்று. ஐந்தாம் நாள் மாலை, விழுந்த மூஸின் விலாப்பகுதியை அறுத்துக்கொண்டிருந்த நண்பரின் கத்தி வழுக்கியது. அலகை மாற்றிக்கொள்ளும் வகைக் கத்தி, சவர அலகைப் போன்ற கூர்மை. காயம் சிறியதுதான், இரத்தமும் கட்டுப்போட்டதும் நின்றுவிட்டது. ஆனால் கட்டைவிரலை மடக்குங்கள் என்று நான் சொன்னபோது அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், அது மடங்கவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் தூங்கமாட்டாள், நாளை மறுநாள் விமானம் வந்துவிடும், எதுவும் எழுதாதே என்றார்.

என் கருவியின் சந்தாத் திட்டத்தில், முன்பே எழுதிவைத்த மூன்று செய்திகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அவற்றில் முதலாவது "இருவரும் நலம், முகாமில் இருக்கிறோம்" என்பது. அதை இரு வீடுகளுக்கும் அனுப்பினேன். பிறகு மூடுபனி இறங்கி விமானம் மூன்று நாள் தாமதமானது. அந்த மூன்று இரவும் அதே பொத்தானைத்தான் அழுத்தினேன். விமானிக்கும் சொல்லவில்லை. தசைநாண் அறுந்திருப்பதாகவும், சில நாள் முன்பே வந்திருந்தால் தைப்பது எளிதாக இருந்திருக்கும் என்றும் மருத்துவர் சொன்னார். செய்தி போகாமல் மனைவி தவித்த கதையைப் படித்தபோது, பொய்யான செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததால் இரண்டு வீடுகள் நிம்மதியாகத் தூங்கியதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

தென்தீவு வாசி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்துக்கு வந்து குடியேறியவன். தென்தீவின் மலைகளில் தார் வேட்டைக்குப் போவது வழக்கம். தார் என்பது இமயமலையின் காட்டாடு, நம் நீலகிரி வரையாட்டுக்கு உறவுக்காரன். 1904இல் கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகி, உள்ளூர்த் தாவரங்களைத் தின்று தீர்ப்பதால் இங்கே அதைச் சுடச் சொல்லி அரசே ஊக்குவிக்கிறது. வரையாடு என்று சொன்னதும் கோபப்படுபவர்களுக்காக இதை முன்கூட்டியே எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்தது செய்திக் கருவி அல்ல, 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அழைப்பான். மாதக் கட்டணம் கிடையாது; ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல், "காப்பாற்று". மழையில் ஆறு ஏறிவிட்டது, குடிலில் இரண்டு நாள் சிக்கிக்கொண்டோம், சாப்பாடும் விறகும் இருந்தன. ஆபத்து ஒன்றும் இல்லை, பிந்தும், அவ்வளவுதான் என்று வீட்டுக்குச் சொல்ல வழியில்லை. மஞ்சள் நிற அழைப்பானை மேசையில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் பொத்தானை அமத்துவதா வேண்டாமா என்று இரவு முழுக்கக் கதைத்தோம். நண்பர் ஒருமுறை அன்டெனாவின் மூடியைத் திறந்தே விட்டார். ஆற்றின் இரைச்சலுக்கு நடுவே அந்தச் சிறு 'டிக்' சத்தம் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது. நாங்கள் அமத்தவில்லை. வெளியே வந்தபோது நண்பரின் மனைவி காவல்துறைக்குத் தொலைபேசி எடுத்து ஒரு நாள் ஆகியிருந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

என் அனுபவம் சிறியது. மொன்டானாவில் அக்டோபர் வேட்டை முடிந்து வந்தவன், கருவியைப் பையின் பக்க அறையிலேயே மறந்து, டிசம்பரில் அதே பையோடு சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். இடையில் விமானம் மாறும் ஊரில் மின்னேற்றிக் கம்பியைத் தேடியபோது கையில் தட்டுப்பட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஏறினேன். அதன்பிறகும் இரண்டு மாதம் சந்தா போய்க்கொண்டிருந்தது. இந்தியாவில் அரசின் முன் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு மலையேறிகள் சிலர் இன்ரீச் கருவியோடு விமான நிலையங்களில் பிடிபட்டுமிருக்கிறார்கள்.

இனி மேலே எழுதியவர்களுக்குச் சில சொற்கள். மேட்டுக்காட்டான் அவர்களே, இன்ரீச், ஸோலியோ போன்றவை பேசுவது இரிடியம் வலையமைப்போடு. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள் ஓடிக்கொண்டே இருப்பவை. எனவே செய்தி போகவில்லை என்றால் குறை பெரும்பாலும் மேலே இல்லை, உங்களுக்கும் வானத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஈரம் அந்த அலையை விழுங்கும். ஈர இலையும் சரி, இறைச்சியும் சரி, நம் உடம்பும் சரி, எல்லாம் தண்ணீர்தான். கருவியைத் தோள்பட்டியின் மேல்நுனியில், அன்டெனா வானத்தைப் பார்க்கும்படி மாட்டுங்கள்; 'அனுப்பு' அழுத்துவதும் 'அனுப்பப்பட்டது' என்ற குறி வருவதும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள்.

மணல்திட்டு அவர்களே, விமானிக்குச் சொல்லாதது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்த மூன்று இலவசச் செய்திகளில் ஒன்றை "காயம் உண்டு, உயிருக்கு ஆபத்தில்லை, விரிவாக எழுதுகிறேன்" என்று மாற்றி வைக்கலாமே. எல்லோரும் மூன்றையும் நலம், நலம், நலம் என்றே நிரப்பிவைக்கிறோம். இன்னொன்று, அலாஸ்கா போகிறவர்கள் கவனிக்க: விலங்கு நிற்கும் இடத்தைச் செய்தியில் சொல்லிக் கூட்டாளியை அங்கே அழைத்துச் சுடுவது அங்கு சட்டவிரோதம். பாதுகாப்புக்கு வாங்கிய கருவி அபராதத்துக்குக் காரணமாகக் கூடாது.

தென்தீவு வாசி சொன்ன அழைப்பானை நான் குறைத்துப் பேசமாட்டேன். சந்தா கட்ட மறந்தாலும் அது வேலை செய்யும், அலைவலுவும் அதிகம். ஆயினும் இன்ரீச்சில் எஸ்ஓஎஸ் என்ற அவசர உதவிப் பொத்தானை அழுத்தினால் டெக்சாஸிலுள்ள மையத்திலிருந்து ஒரு மனிதர் திரும்பக் கேட்பார்: என்ன ஆயிற்று, எத்தனை பேர், நடக்க முடியுமா. பதில் சொல்லச் சொல்லத்தான் வருகிறவர்கள் கயிற்றோடு வருவதா, தூக்குப்படுக்கையோடு வருவதா என்று முடிவாகும். ஐஃபோன் 14 முதல் கைப்பேசியிலேயே இது இருக்கிறதே, தனிக் கருவி எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்பதால் அதற்கும் சொல்லிவைக்கிறேன்: நவம்பர் விடியலில் மலைமேல் கைப்பேசியை ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் பாருங்கள், பேட்டரியே பதில் சொல்லும்.

மேட்டுக்காட்டான் எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களின் அறிவுரைகளுக்கு நன்றி. தோள்பட்டிக்கு மாற்றி ஓராண்டு ஆகிறது. மணல்திட்டு அவர்கள் சொன்ன நேரக்கணக்கையும் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம்: இரவு 10 மணிவரை பொறுப்பது, அதன்பிறகு அழைப்பது.

ஏழாவது செய்தியில் என்ன இருந்தது என்று எழுதாமல் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியின் கைப்பேசியில் பார்த்தேன். "ஷெரிஃபுக்குச் சொல்லிட்டேன். அங்கேயே இருங்க, அசையாதீங்க, ஆள் வருது."

நான் அசைந்தேன். நான் கீழே வந்துவிட்ட செய்தி வானொலியில் அந்த இருவருக்கும் எட்டவில்லை. அதிகாலை 3 மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் கிளையில் தொங்கிய மூன்று இறைச்சிப் பைகள்தாம் இருந்தன. விடிந்து இறங்கி வந்தபோது அவர்களுள் வயதில் மூத்தவர் முன்தொடை ஒன்றைத் தோளில் சுமந்து வந்திருந்தார். அதை என் வண்டியின் பின்தட்டில் வைத்துவிட்டு, மேலே இன்னும் இரண்டு இருக்கிறது, கரடி வருவதற்குள் எடுத்துவிடு என்றார்.