"புரதத்துக்கு என்ன பண்றீங்க?": வீகன் பிள்ளை வளர்த்தவர்களின் அனுபவங்கள்

ஒரு அம்மா, மகளுக்கு 4 வயது

நாங்கள் வீகன்: இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டையும் எங்கள் வீட்டில் கிடையாது. மகளும் அப்படியே வளர்கிறாள். பார்ப்பவர்கள் எல்லோரும் புரதத்தைப் பற்றியே கேட்பார்கள். கேட்டுக் கேட்டுப் பயந்துபோய்ப் பயறும் காய்கறியும் தட்டு நிறைய வைப்பேன். இரண்டரை வயதில் வளர்ச்சி அட்டையைப் பார்த்தால் உயரம் சரி, எடை மட்டும் இரண்டு கோடு இறங்கியிருந்தது.

டாக்டர் திட்டவில்லை (திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன்). மூன்று நாள் அவள் உண்மையில் விழுங்கியதை எழுதிவரச் சொன்னார். பார்த்துவிட்டு, "புரதம் போதும்மா, கலோரிதான் போதல" என்றார். பிள்ளையின் வயிறு சின்னது. நார்ச்சத்து அதைச் சீக்கிரம் அடைத்துவிடுகிறது. அதன்பிறகு பருப்பைத் தோல் நீக்கி வேகவைத்தேன், எண்ணெயைக் கூட்டினேன், கொட்டைகளை விழுதாக அரைத்துக் கொடுத்தேன் (முழுக் கொட்டை தொண்டையில் அடைக்கும்). நாலைந்து மாதத்தில் எடை ஏறிவிட்டது.

அப்புறம் வைட்டமின் பி12. நான் ஸ்பைருலினா (ஒருவகைப் பாசி) தூள் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அதில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வடிவமாம்! பரிசோதனையில் குறைவாகத்தான் வந்தது. 3 வயதுவரை ஒரு நாளைக்கு 0.9 மைக்ரோகிராம் போதும். தூசியளவுதான், ஆனாலும் செடிகொடியை நம்பி இருக்க முடியாது. தாய்ப்பால் கொடுத்தவரை நான் மாத்திரை போட்டேன், நிறுத்தியபின் அவளுக்கென்று தனியாக ஆரம்பிக்கவில்லை. ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று வேறு வாதாடினேன். கீரை, பயறில் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புப் பாதிப்பு சத்தமில்லாமல் நடக்கும் என்று டாக்டர் சொன்னபோது வாயடைத்துப் போனேன். இப்போது தினமும் சொட்டு மருந்து.

பதில், ஒரு சித்தி

என் அக்கா மகன் பால் குடிக்கிற சைவம். பி12 சரி. ஆனால் நாள் முழுக்கப் பாலையே குடித்து, சோறு தொடாமல், இரும்புச்சத்து இறங்கிவிட்டது. பால் இருந்தால் கவலையில்லை என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

பதில், ஒரு அப்பா, மகனுக்கு 8 வயது

எனக்குக் கவலை எலும்பு. போலந்தில் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவில், அசைவம் சாப்பிடும் பிள்ளைகளைவிட வீகன் பிள்ளைகள் சராசரியாக 3 செ.மீ. குட்டை, எலும்பில் தாதுவும் குறைவு. கெட்ட கொலஸ்ட்ரால் 25% குறைவு என்பதும் அதிலேயே இருக்கிறது. வீட்டில் அதை மட்டும்தான் படித்துக் காட்டினேன், ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் பாதாம் பால் வாங்கினேன். புரதம் பெயருக்குத்தான். பிறகு கால்சியம் சேர்த்த சோயா பால். ஒரு வருடம் குலுக்காமலே ஊற்றிக் கொடுத்து, அடியில் தங்கிய வெள்ளைப் படிவைக் கழுவிக் கொட்டிவந்தேன். அதுதான் கால்சியமாம்.