13 அடிச் சுவரும் 500 ரூபாயும்

சுக்குக்காப்பி:
"ஆதார் தகவல் கசிஞ்சதே இல்லை"ன்னு நேத்து இங்க ஒரு மகான் அருள்வாக்கு குடுத்திருக்கார். 2018 ஜனவரி மறந்து போச்சா? தி ட்ரிப்யூன் நிருபர் வாட்ஸப்ல ஆளைப் பிடிச்சு 500 ரூபாய் கட்டினாங்க. பத்து நிமிஷத்துல லாகின் கைக்கு வந்துச்சு. எந்த ஆதார் நம்பரை அடிச்சாலும் பேர், முகவரி, போட்டோ, போன் நம்பர்! இன்னொரு 300 வெட்டினா கார்டே பிரிண்ட் போடலாம்.

நெல்லைச் சீமை:
மகான் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். கைரேகை போச்சா? கருவிழி போச்சா? அப்போ அட்டர்னி ஜெனரலா இருந்த வேணுகோபால் 2018ல உச்ச நீதிமன்றத்துலயே சொன்னார். 13 அடி உயரம், 5 அடி கனம், அந்தச் சுவருக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு.

சுக்குக்காப்பி:
வந்துட்டாருய்யா சுவரோட! லாகின் வெச்சிருக்கவன் எதுக்குச் சுவர் ஏறணும்? செய்தி வந்ததும் ஆதார் ஆணையம் போலீஸ்ல புகார் குடுத்துச்சே, அதுல அந்த நிருபர் பேரும் இருந்துச்சு. சுவரை அங்க கட்டியிருக்காங்க.

திண்ணைவாசி:
15 அடின்னு ஞாபகம்.

நெல்லைச் சீமை:
13. வதந்தி பரப்பாதீங்க.

மல்லி:
அப்பாவுக்குப் பதினாறாம் நாள்கூட முடியல. ஒருத்தன் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பா பேர், பிறந்த தேதி, ஆதார்ல கடைசி நாலு நம்பர் எல்லாம் ஒப்பிச்சான். இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்கம்மான்னான். அம்மா சொல்லல. ஆனா அன்னிலேர்ந்து போன் அரிசி டப்பா மேல கவுந்தே கிடக்கு. மணி அடிச்சா என்னைக் கூப்பிடுறாங்க.

நெல்லைச் சீமை:
வருத்தம்தான். ஆனா ஆதார்லேர்ந்துதான் போச்சுங்கறதுக்கு ஆதாரம்? ஏதாவது ஜெராக்ஸ் கடையில விட்டிருப்பீங்க.

சுக்குக்காப்பி:
துக்க வீட்டுல போய் ஆதாரம் கேக்குது பாருங்க சுவர்! 2023 ஜூன்ல கோவின், அதான் கொரோனா ஊசிக்குப் பதிவு பண்ற தளம், அது கதை என்ன? டெலிகிராம்ல தானா பதில் சொல்ற பாட்ல போன் நம்பரை அடிச்சா ஊசி போட்ட இடம் வரைக்கும் வந்துச்சு. அரசாங்கத்துல அடிப்படையே இல்லாத செய்தின்னாங்க. அதே மாசம் பீகார்ல ஒருத்தனைக் கைது பண்ணாங்க. நடக்காததுக்கு எதுக்குய்யா கைது?

நெல்லைச் சீமை:
கோவின் வேற, ஆதார் வேற. அதுசரி, ஊசியே போடமாட்டேன்னு 2021ல இங்க கூப்பாடு போட்டவர் நீங்கதானே?

சுக்குக்காப்பி:
ரெண்டு டோஸ் போட்டாச்சு. அந்த பாட் இருந்தப்பவே என் நம்பரை அடிச்சுப் பாத்திருக்கலாமே!

திண்ணைவாசி:
தேடிப் பாத்தேன். 13தான். ஆனா 5 அடி கனத்துல எவன்யா சுவர் கட்டுவான்?

நெல்லைச் சீமை:
கட்டியிருக்காங்க. போய் அளந்து பாருங்க.

சுக்குக்காப்பி:
500 ரூபாய் குடுத்தா உள்ள நின்னே அளக்கலாம்.